படம் என்னவோ உன்னோடதுதான்

அக்கா, இப்ப ஒண்ணு எடுத்தீங்களே, அதுல நான் விழுந்திருக்கேனா? காட்டுங்க. அட, சும்மா காட்டுங்கக்கா, போனைப் பிடுங்கிட்டு ஓட மாட்டேன். ஓடுற வண்டியில எங்க ஓடுறது? ம்... பாப்பா முகம், ஜன்னல், ஆலிவ் மரம். இந்தா, ஓரத்துல பாருங்க. இது என் காது. பாதிக் கன்னமும் இருக்கு. அழிச்சிடுங்க. வேற எடுத்துக்கங்க, நான் அந்தப் பக்கமா சாஞ்சுக்கறேன். பாப்பாவ மட்டும் எடுங்க. எடுத்து உங்க போன்லயே வச்சுக்கங்க. எங்கயும் ஏத்தாதீங்க.

கோவமெல்லாம் இல்லக்கா, என் குரலே அப்படித்தான். ஸ்கூல்லயும் இதத்தான் கேப்பாங்க, ஏண்டி எப்பப் பாரு சண்டைக்கு வர்றன்னு. நான் எங்க வந்தேன்? பிரெஞ்சு டீச்சர் தப்பா எழுதினாங்க, தப்புன்னு சொன்னேன். வெளிய போன்னாங்க. போயிட்டேன். அப்படியே வீட்டுக்கும் போயிட்டேன், திரும்ப வரவே இல்ல. இப்ப தையல் ஃபேக்டரியில இருக்கேன். ஜீன்ஸுக்குப் பின்பாக்கெட். வலது பாக்கெட் மட்டும் நானு. இடது பாக்கெட்டு வேற ஒருத்தி. சிரிக்காதீங்க, நெஜமாத்தான்.

சரி, நீங்க எதுல ஏத்துவீங்க? ஓ, அதுலயா. அதுல சேரும்போது ஒரு பெரிய கதை மாதிரி வந்துச்சே, கீழ ஒரு நீலப் பட்டன், ஏற்றுக்கொள்கிறேன்னு. படிச்சீங்களா? இல்லல்ல. யாருமே படிக்கிறதில்லக்கா. எங்க வக்கீலம்மாவே அவங்க போன்ல இருக்கறதப் படிச்சதில்லையாம், வாய்விட்டு ஒத்துக்கிட்டாங்க.

ஆமா, வக்கீல்தான். கேஸு இருக்கு. அவங்களப் பாக்கத்தான் துனிஸுக்குப் போறேன். நீங்க எங்கேருந்து? மஹ்தியாவுல உங்க மாமியார் வீடா? எங்க ஊரும் அதான். அப்ப நீங்க இருக்கறது? பிரான்ஸா. எந்த ஊரு? லியோன். ம். லியோன்ல எங்க பெரியம்மா மகன் ஒருத்தன் இருக்கான், லஸ்அத்னு பேரு.

அப்ப இத நீங்க பாத்திருப்பீங்க. இருங்க, காட்டறேன். கண்ணாடி உடைஞ்சிருக்கு, விரல கிழிச்சுக்காதீங்க. இது. இந்தப் பையன்.

பாத்தீங்களா! தெரியும். எல்லாருமே இப்படித்தான், மொதல்ல கண்ணச் சுருக்குவாங்க, அப்புறம் அட, இவனான்னு சொல்லுவாங்க. பல்லு டாக்டர் விளம்பரம்தானே? பஸ் ஸ்டாப்புல? ம். இவன் மாடல் இல்லக்கா. எங்க அண்ணன். வஜ்தி. சாளைமீன் படகுல வலை இழுத்துக்கிட்டிருந்தான்.

எடுத்தது நானு. இதே போன்தான், அப்ப கண்ணாடி உடையல. எங்க ஊருல கடலோரமா மையவாடி இருக்குல்ல, அடக்கம் பண்ற எடம், வெள்ளை வெள்ளையா கபுருங்க, அதுக்குக் கீழ இருக்கற பாறையிலேருந்துதான் பசங்க எல்லாம் குதிப்பானுங்க. என் செருப்பு ஒண்ணு தண்ணியில விழுந்துடுச்சு. எடுத்துக் குடுடான்னேன். முங்கினான், முங்கினான், வெளிய வந்தா கையில ஒரு செருப்பு. என்னோடது இல்ல! எந்தக் காலத்துலயோ எவனோ விட்ட செருப்பு, பாசி புடிச்சுக் கெடக்கு. அதத் தூக்கிக் காட்டிக்கிட்டே சிரிச்சான் பாருங்க, அப்ப எடுத்தேன். செருப்பு படத்துல இல்ல. தலை, தோளு, சிரிப்பு, பின்னாடி கடலு, அவ்வளவுதான். இமையில ஒரு சொட்டுத் தண்ணி நிக்குது, பெருசாக்கிப் பாத்தா தெரியும்.

மூணு கோடைக்கு முன்னாடி. அவனுக்கு இருபத்திரண்டு, எனக்குப் பதினஞ்சு. ஒரு ஃபோட்டோ ஆப்புல கடல் படப் போட்டின்னு போட்டிருந்தாங்க. அதுல ஏத்தினேன். ஏத்தறதுக்கு முன்னாடி அவன்கிட்ட காட்டினேன், ஹீரோ மாதிரி இருக்கேன்டி, ஏத்து ஏத்துன்னான். பரிசெல்லாம் ஒண்ணும் வரல. ஒரு மஞ்சள் நட்சத்திரம் வந்துச்சு, பேருக்குப் பக்கத்துல. அதுக்கே ஒரு வாரம் பெருமை பீத்திக்கிட்டேன்.

அப்புறம் அவன் போயிட்டான். வேற எங்க? எல்லாரும் எங்க போறானுங்களோ அங்கதான், கடலுக்கு அந்தப் பக்கம். கள்ளத்தோணி. உங்க லியோன்ல எப்படிச் சொல்லுவீங்களோ, எங்க தெருவுல எரிச்சுட்டான்னுதான் சொல்லுவோம். எரிச்சும்தான் போனான். அடையாள அட்டை, படகு லைசென்ஸ், ஸ்கூல் சர்ட்டிபிகேட்டு, எல்லாத்தையும் மொட்டை மாடியில ஒரு தகர டப்பாவுல போட்டுக் கொளுத்திட்டான். அந்தக் கரையில புடிச்சா எந்த ஊரான்னு தெரியக்கூடாது, தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க. அதுவும் பத்தலன்னு போன்ல இருந்த படத்தையெல்லாம் அழிச்சான். என் போனையும் வாங்கி அழிச்சான், உம்மா போன்ல இருந்ததையும் அழிச்சான். எவனோ அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான், போலீஸு சொந்தக்காரங்க போன்லேருந்துகூட கண்டுபிடிக்கும்னு. கிறுக்கன். அழிக்க மறந்தது அந்த ஆப்புல இருந்த ஒண்ணே ஒண்ணுதான்.

இல்லக்கா. போன் வரல. அந்தப் படகுல போன எவன் வீட்டுக்குமே போன் வரல.

டிரைவர் அண்ணே, பாட்டக் கொஞ்சம் கொறைங்களேன்! பாப்பா தூங்கப் பாக்குது! ... பாத்தீங்களா, என் பேரச் சொன்னா கொறைக்க மாட்டாரு, பாப்பா பேரச் சொன்னதும் கொறைச்சுட்டாரு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், போன். எட்டு மாசம் ஒண்ணும் இல்ல. உம்மா பாதி ஆயிட்டாங்க. வாப்பா நான் சின்னதா இருக்கும்போதே மவுத்தாயிட்டாரு, வீட்டுல அவன்தான் ஆம்பள. அப்பத்தான் லஸ்அத் ஒரு படம் அனுப்பினான், லியோன்ல ஒரு பஸ் ஸ்டாப்பு, கண்ணாடிக்குள்ள ஆள் உயரத்துக்கு எங்க அண்ணன் சிரிச்சுக்கிட்டு நிக்கறான். கீழ அவன் எழுதியிருக்கான், சித்தி, நம்ம வஜ்தி இங்க பெரிய ஆளாயிட்டான்னு.

உம்மா போட்ட குலவை இருக்கே, துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். தெருவே கூடிடுச்சு. பேரீச்சம்பழம் வச்சு மக்ரூத் செஞ்சு வீட்டுக்கு வீடு குடுத்தாங்க. நான் மட்டும் படத்தப் பெருசாக்கிப் பாக்கறேன். இமையில அதே சொட்டு. கடல எடுத்துட்டு வெள்ளையா ஆக்கிட்டானுங்க, வெத்துத் தோளுக்கு ஒரு சட்டைய மாட்டிட்டானுங்க, ஆனா சொட்ட விட்டுட்டானுங்க. உம்மா, இது நான் எடுத்த படம்னேன். சப்புனு ஒரு அறை. உன் அண்ணன் உயிரோட இருக்கறது உனக்குப் பொறுக்கலையாடின்னு.

என்ன கூத்துன்னா, வஜ்திக்கு முன்பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சிருக்கும். சோடா மூடியக் கடிச்சுத் தொறக்கறேன்னு உடைச்சுக்கிட்டது. விளம்பரத்துல அந்தப் பல்லு முழுசா இருக்கு. பல்லு டாக்டர் விளம்பரத்துல உடைஞ்ச பல்லா வைப்பான்? கம்ப்யூட்டர்ல ஒட்டிட்டான். உம்மா அதத்தான் புடிச்சுக்கிட்டாங்க. உன் படம்னா பல்லு உடைஞ்சிருக்கணுமே, பாரு, என் புள்ள அங்க போயி பல்லு கட்டிக்கிட்டான், கையில நாலு காசு சேர்ந்திருக்குங்கறாங்க. என்ன பதில் சொல்லுவீங்க அதுக்கு? நீங்களே சொல்லுங்க. அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?

அது ஆரம்பம். அப்புறம் இன்சூரன்ஸ் விளம்பரம் ஒண்ணு வந்துச்சு, ஜெர்மனியிலேருந்து எவனோ அனுப்பினான். அதுல தாடி. பக்கத்துல தலைமுடி வைக்கோல் நெறத்துல ஒரு பொண்ணு, அவன் தோள்ல கைய வச்சுக்கிட்டு நிக்கறா. உம்மா ரெண்டு நாள் சாப்பிடல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கட்டிக்கிட்டானேன்னு. மூணாம் நாள் எந்திரிச்சு, சரி, கட்டிக்கிட்டான், அவளுக்கு கூஸ்கூஸ் ஆக்கத் தெரியுமா தெரியாதான்னு என்கிட்ட சண்டை. வல்லாஹி அக்கா, இல்லாத மருமககூட எங்க உம்மா ஒரு வருஷத்துக்கு மேல மாமியார் சண்டை போட்டாங்க. அவளுக்குப் பேரே வச்சுட்டாங்க, வைக்கோல்னு. வைக்கோல் என் புள்ளைய இளைக்க விட்டுட்டாம்பாங்க.

சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சிருக்கேன்.

சிரிப்பு நின்னது எப்பன்னா, ஸல்ஹா சாச்சி வந்தப்ப. நாலு வீடு தள்ளி இருக்காங்க. அவங்க மகன் ஹஸீபும் அதே படகுலதான் ஏறினான். எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு கத்தினாங்க, உன் மகன் மட்டும் கரையேறி பல்லு கட்டிக்கிட்டு பொண்டாட்டி கட்டிக்கிட்டு நிக்கறானே, என் புள்ள எங்கேன்னு அவனக் கேட்டுச் சொல்லுடி. கேட்டுச் சொல்ல மாட்டியா? அப்ப உன் மகன் படகோட்டிகூடச் சேர்ந்து எங்க புள்ளைங்கள கடல்ல தள்ளிட்டான்னு நான் சொல்லுவேன். தெருவே கேட்டுச்சு. அதுக்கப்புறம் பாதித் தெரு எங்ககூடப் பேசறதில்ல. எங்க அண்ணனக் கொலைகாரன்னு சொல்றாங்க. ஒரு பல்லு டாக்டர் விளம்பரத்துக்காக.

அன்னைக்குத்தான் எனக்கு முடிவாச்சு. அந்தப் படம் எறங்கணும். எல்லா எடத்துலேருந்தும். அது இருக்கற வரைக்கும் எங்க வீட்டுல யாரும் உயிரோடயும் இல்ல, யாரும் செத்தும் போகல.

ஆப்புக்கு எழுதினேன். படம் என்னோடது, நான் எடுத்தது, எடுங்கன்னு. பதில் வந்துச்சு, உங்க கருத்துக்கு நன்றி, ஒரு சிரிச்ச மூஞ்சி பொம்மை. மறுபடி எழுதினேன். மறுபடி நன்றி. கெட்ட வார்த்தையில எழுதினேன், அதுக்கும் நன்றி. அப்பத்தான் ஃபேக்டரியில கூட வேலை செய்யற பொண்ணு வக்கீலம்மாவச் சொன்னா, நஜ்லான்னு, இந்த மாதிரி கேஸு எடுத்துப் பழக்கம்னு.

வக்கீலம்மா அந்த ஆப்போட சட்டதிட்டத்த அச்செடுத்து வாசிச்சுக் காட்டினாங்க. மொத வரி என்ன தெரியுமா? உங்க படம் உங்களுக்கே சொந்தம். எனக்கு அப்படியே குளுந்துடுச்சு. அடுத்த வரி: ஆனா உலகம் பூராவும், காலாகாலத்துக்கும், காசு தராம, நாங்களும் எங்க கூட்டாளியும், கூட்டாளியோட கூட்டாளியும் அத வெட்டலாம், ஒட்டலாம், மாத்தலாம், விக்கலாம். அதாவது கழுத உன்னோடதுதான். புல்லும் நீயே போடு. ஏறிப் போறது மட்டும் நாங்க.

அப்ப என்னோடதுன்னா என்ன அர்த்தம்னு கேட்டேன். வக்கீலம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. அதத்தான்மா யுஸ்ரா, உலகம் பூரா கோர்ட்டுல கேட்டுக்கிட்டிருக்காங்கன்னு என்கிட்ட சொன்னாங்க. நம்ம சட்டப்படி எடுத்தவ உரிமைய இன்னொருத்தனுக்குக் குடுக்கணும்னா எழுத்துல இருக்கணுமாம், எதுக்கு, எங்க, எவ்வளவு நாளைக்குன்னு. ஒரு பட்டன அமுக்கறது எழுத்தா? இல்லன்னு வாதாடலாம்னாங்க. அதோட எனக்கு அப்பப் பதினஞ்சு வயசு, சின்னப் பொண்ணு ஒத்துக்கிட்டது செல்லாதுன்னும் வாதாடலாம். அப்படியான்னு எந்திரிச்சே நின்னுட்டேன். ஆப்புல வயசு என்னன்னு போட்டன்னு கேட்டாங்க. பதினெட்டுன்னு போட்டேன். பின்ன, பதினஞ்சுன்னு போட்டா உள்ளயே விட மாட்டானே! நீங்க போட மாட்டீங்களா? வக்கீலம்மா ம்முன்னாங்க. அந்த ம்முல பாதிக் கேஸு போச்சு.

மீதி எப்படிப் போச்சுன்னா, சண்டை போடறதுன்னா அவங்க ஊர்க் கோர்ட்டுக்குத்தான் வரணும்னு அதுலயே எழுதியிருக்கான். எனக்கு அந்த ஊருக்கு விசா குடுப்பானா? எங்க அண்ணனுக்கே குடுக்கல, குடுத்திருந்தா அவன் ஏன் படகுல ஏறறான்? வக்கீலம்மா விடல, இங்கேருந்தே கடுதாசி போட்டாங்க. ஆப்புக்காரன் சொல்றான், நாங்க எங்க பக்கத்துலேருந்து எடுத்துட்டோம், பாருங்க. நெஜமாவே எடுத்துட்டான். ஆனா கூட்டாளிக்குப் போனது போனதுதான், அவங்ககிட்ட கேளுங்க. கூட்டாளி ஒரு படம் விக்கற கம்பெனி. அவன் சொல்றான், நாங்க முறையா வாங்கியிருக்கோம், இது எங்க தொகுப்புல ரொம்பப் போற படம். ரொம்பப் போற படமாம்! பேரு வச்சிருக்கான் பாருங்க, மகிழ்ச்சியான தெற்கத்தி இளைஞன்னு. தெற்கத்தி இளைஞன். படகுல போனா வேணாங்கறான், படமா வந்தா பஸ் ஸ்டாப்புல நிறுத்தறான்.

இருங்க, பாப்பா உங்க துப்பட்டாவ வாயில வச்சிருக்கு. குடுங்க, என்கிட்ட குடுங்க கொஞ்சம். வாடி குட்டி. ஐயோ, என்ன கனம்! கல்லா திங்கற?

இதுக்கு நடுவுல துனிஸ்ல காணாமப் போனவங்களத் தேடற ஆபீஸ் ஒண்ணு இருக்குல்ல, அங்கயும் போனேன். அந்தக் கரையில ஒதுங்கின உடம்புங்களோட பொருத்திப் பாக்க படம் கேட்டாங்க. அரசாங்கத்துக்கிட்ட இருக்கறது அவன் பள்ளிக்கூடப் பையனா இருக்கும்போது எடுத்தது, ஆளே தெரியாது. இதத்தான் குடுத்தேன், வேற எது இருக்கு? அங்க இருந்தவன் கம்ப்யூட்டர்ல போட்டுத் தேடிட்டு ஸ்கிரீன என் பக்கம் திருப்பினான். பல்லு டாக்டர், இன்சூரன்ஸு, ஷாம்பு, ஜிம்மு, கல்யாணத்துக்குப் பொண்ணு தேடறவன்னு போலி அக்கவுண்ட்டு வேற. ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு. மார்க்கோ, டேவிட், செலீம். தங்கச்சி, இது விளம்பர மாடலோட படம், இத வச்சு நாங்க எதுவும் பண்ண முடியாது, அண்ணனோட நெஜப் படம் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வான்னான். மரியாதையாத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியல. நான் எடுத்த படத்துல இருக்கறது எங்க அண்ணன்னு நிரூபிக்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல. அவன்தான் எல்லாத்தையும் எரிச்சுட்டானே.

அழல. அங்க நான் அழல. வெளிய வந்து ஒரு ரொட்டி வாங்கி, ஹரிஸா மிளகா விழுத அள்ளித் தடவித் தின்னேன், கண்ணுல தண்ணி வர்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல.

வேற வழி இருக்குன்னாங்க, எச்சில், டி.என்.ஏ. சோதனைக்கு. வாய்க்குள்ள பஞ்சு விட்டு எடுப்பாங்க, உம்மாவோடது இருந்தா சுலபமாப் பொருந்திடும். உம்மாகிட்ட கேட்டேன். உயிரோட இருக்கறவனுக்கு எதுக்குடி எச்சிலுன்னுட்டாங்க. அதோட முடிஞ்சுது.

வக்கீலம்மா இன்னொரு வழி யோசிச்சாங்க. படம் எடுத்தவ உரிமை ஒருபக்கம், படத்துல இருக்கறவன் உரிமை இன்னொரு பக்கம். முகம் அவனோடது. என் முகத்த எடுன்னு அவன் கேட்டா எவனும் மறுக்க முடியாது, நான் அமுக்கின பட்டன் அவனக் கட்டாது. கம்பெனிக்கு எழுதினாங்க. பதில் வந்துச்சு, சரி, அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அவரு இல்லீங்கன்னு எழுதினாங்க. அப்ப வாரிசு கேக்கட்டும், இறப்புச் சான்றிதழோட. சான்றிதழ் வேணும்னா உடம்பு வேணும். உடம்பு வேணும்னா எச்சில் வேணும். எச்சில் வேணும்னா உம்மா நம்பணும். உம்மா நம்பணும்னா படம் எறங்கணும். பாத்தீங்களா, செக்குமாடு. சுத்திச் சுத்தி அதே எடம். ஒரு வருஷம் சுத்தினேன் நானு.

அதுக்கு நடுவுல புதுசு ஒண்ணு வந்துடுச்சு. இந்தாங்க, நீங்களே பாருங்க. கைக்குழந்தை. அவன் தோள்ல உக்காந்திருக்கு. என்னமோ பால் பவுடர். உம்மாவப் பாக்கணுமே அன்னைக்கு! வைக்கோல மன்னிச்சுட்டாங்க. ஒரே நாள்ல. மூக்கு எங்க வாப்பா மூக்காம். இப்பத் தொழுதுட்டு உக்காந்து அந்தக் குழந்தைக்குத்தான் துவா. எழுந்து நடக்கறாங்க, சாப்பிடறாங்க, சந்தைக்குப் போயி பேரம் பேசறாங்க. எட்டு மாசம் செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தவங்க.

இது எந்த ஊரு, சூஸ் தாண்டிட்டோமா? தாண்டிட்டோம். அந்தா, ஆட்டுக்கறி சுடறானுங்க, வாசனை வருது. டிரைவர் நிறுத்த மாட்டாரு, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

இல்லக்கா, ஜெயிக்காதுன்னு இல்ல. இப்ப ஜெயிக்கும். வக்கீலம்மாவே சொல்லிட்டாங்க, இப்ப நம்ம பக்கம் கெட்டின்னு. அதுக்குத்தான் இன்னைக்குக் கூப்பிட்டிருக்காங்க, கையெழுத்துப் போட. எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சுல்ல, இப்ப நானே போடலாம்.

எப்படின்னா... நான் போயி குடுத்துட்டு வந்தேன். எச்சில. உம்மாவுக்குத் தெரியாது. தங்கச்சியோடதுன்னா நாளாகும், பொருந்தினாலும் பொருந்தும் பொருந்தாமலும் போகும்னாங்க. சரி, எடுங்கன்னு வாயத் தொறந்தேன். மாசக்கணக்கா ஒண்ணும் வரல, நானே மறந்துட்டேன். போன வியாழக்கிழமை பாக்கெட் தைச்சுக்கிட்டிருக்கேன், போன் வருது. பொருந்திடுச்சாம். அந்தக் கரையில ஏதோ ஒரு சின்ன ஊரு, பேரு வாயில நுழையல, அங்க அடக்கம் பண்ணியிருக்காங்களாம், பேரு போடற எடத்துல நம்பரு போட்டு. போன மொத வாரத்துலயே ஒதுங்கியிருக்கான். அதாவது லஸ்அத் அந்தப் பஸ் ஸ்டாப்பு படத்த அனுப்பினப்போ, உம்மா குலவை போட்டப்போ, எல்லாத்துக்கும் முன்னாடியே.

இல்ல, பரவால்லக்கா. பாப்பாவ வாங்கிக்கங்க.

ஸல்ஹா சாச்சிகிட்ட மட்டும் சொன்னேன். அவங்களுக்குத் தெரியணும்ல, அதே படகு. கத்துவாங்கன்னு பயந்தேன். கத்தல. கதவச் சாத்திக்கிட்டாங்க. மறுநாள் காலையில எங்க வீட்டுக்கு வந்தாங்க, ஒன்றரை வருஷம் கழிச்சு. உம்மா பக்கத்துல உக்காந்து, எங்க, உன் பேரப்புள்ளையக் காட்டு பாப்போம்னாங்க. உம்மா காட்டினாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க சாச்சி. உன்ன உரிச்சு வச்சிருக்குடின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

அதான் நான் கையெழுத்துப் போடப் போறதில்ல. போட்டா இறப்புச் சான்றிதழ் எங்க ஊர் முனிசிபாலிட்டிக்கு வரும், அங்க உக்காந்திருக்கறவன் எங்க தெரு, சாயந்திரத்துக்குள்ள உம்மா காதுக்குப் போயிடும். படமும் எறங்கிடும். ரெண்டும் ஒரே வாரத்துல. அவங்களுக்கு அம்பத்தொண்ணுதான் ஆகுது. இன்னும் ரொம்ப நாள் இருக்கணும் அவங்க.

வக்கீலம்மா என்னத் திட்டுவாங்க. திட்டட்டும். இவ்வளவு நாள் காசு வாங்காம கஷ்டப்பட்டவங்க. ஆனா அவங்ககிட்ட கடைசியா ஒரு கடுதாசி மட்டும் எழுதச் சொல்லப் போறேன், அந்தப் படம் விக்கற கம்பெனிக்கு. வச்சுக்கங்க, சண்டை இல்லன்னு. எங்க வேணா போடுங்க, எத வேணா வித்துக்கங்க, காலாகாலத்துக்கும். இந்தத் தடவ எழுத்துலயே தரேன், முழுசாப் படிச்சுட்டே தரேன். ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, வருஷத்துக்கு ஒருவாட்டி அவனக் கொஞ்சம் வயசாக்கணும். தாடியில ரெண்டு நரை, கண்ணோரமா ஒரு சுருக்கம், அவ்வளவு போதும். அதெல்லாம் அவனுங்களுக்கு ஒரு நிமிஷ வேலை.

பண்ண மாட்டானுங்க, தெரியும். நன்றின்னு ஒரு பொம்மை வரும். இருந்தாலும் கேக்கணும்லக்கா. எத்தன தாடி ஒட்டினாலும் முகம் இருபத்திரண்டுலயேதான் நிக்குது. உம்மா இன்னும் கவனிக்கல.